ஆங்கில இலக்கியம்: எந்தப் பட்டத்தைத் தேர்ந்தெடுப்பது?

ஆங்கில இலக்கியம்தான் படிப்பது என்று முடிவெடுத்துவிட்டுப் பல்கலைக்கழகங்களின் படிப்புப் பட்டியலைத் திறந்தால் அடுத்த குழப்பம் தொடங்குகிறது. ஆங்கில இலக்கியம் என்று ஒன்று இருக்கும். ஆங்கிலமும் வரலாறும், ஆங்கிலமும் தத்துவமும் என்று சில இருக்கும். ஆங்கில மொழியும் மொழியியலும், படைப்பெழுத்து, ஒப்பிலக்கியம் என்று பட்டியல் நீளும். பெயரளவில் எல்லாம் உறவுக்காரப் படிப்புகள்தான். ஆனால் சேர்ந்த பிறகு ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து நீங்கள் செய்யப்போகும் வேலை ஒவ்வொன்றிலும் வேறு.

இவற்றை ஒப்பிடும்போது நான் முதலில் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பேன். நீங்கள் எழுதுவதை யார் படிக்கிறார்கள், எவ்வளவு அடிக்கடி படிக்கிறார்கள், படித்துவிட்டு என்ன சொல்கிறார்கள்? தரவரிசை, கட்டடங்கள், பேராசிரியர்களின் புகழ் எல்லாம் அதற்கு அப்புறம்தான். காரணம் எளியது. புத்தகம் படிப்பதற்குப் பல்கலைக்கழகம் தேவையில்லை. 1971இல் தொடங்கிய புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இலவச மின்நூலகத்தில் சாசர் முதல் ஜார்ஜ் எலியட் வரை எல்லா ஆசிரியர்களும் கிடைக்கிறார்கள். நல்ல விரிவுரைகளும் வீடியோவாகக் கிடைக்கின்றன. நீங்கள் எழுதிய கட்டுரையின் மூன்றாவது பத்தியில் வாதம் எங்கே நழுவியது, மேற்கோள் காட்டிய வரி நிஜமாகவே நீங்கள் சொல்வதைச் சொல்கிறதா என்று ஒருவர் பொறுமையாகப் பார்த்துச் சொல்வதுதான் வெளியே கிடைக்காத ஒன்று. அது மூன்று நான்கு வருடம் திரும்பத் திரும்ப நடந்தால், படிக்கிற விதமும் யோசிக்கிற விதமும் மாறிவிடும். கட்டணம் கட்டுவது அதற்காகத்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

தனி ஆங்கில இலக்கியம்

முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடலாம். அறிவியல் மாணவர்களோடு ஒப்பிட்டால் இங்கே வகுப்பு நேரம் மிகக் குறைவு. வாரத்துக்கு எட்டுப் பத்து மணி நேரம்தான் இருக்கும். மீதி நேரமெல்லாம் வாசிப்புக்கு. ஒரு வாரத்தில் ஒரு முழு நாவல், அதைப் பற்றிய இரண்டு மூன்று விமர்சனக் கட்டுரைகள், இன்னொரு பேப்பருக்குச் சில கவிதைகள் அல்லது ஒரு நாடகம் என்பது சாதாரணம். விக்டோரியக் கால நாவல் என்றால் அது 800 பக்கத்தைத் தொடலாம். கதை எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டு வகுப்பில் உட்காருவது முதல் மாதத்தோடு செல்லுபடியாகாமல் போய்விடும். கையில் பென்சிலோடு படிக்க வேண்டும்.

தனிப் பட்டத்தின் பலம் அதன் அகலம். ஆக்ஸ்ஃபோர்டில் 1894இல் ஆங்கிலத்துக்குத் தனித் துறை வந்தபோது அதன் நடுவில் பழைய ஆங்கிலமும் மொழி வரலாறும் இருந்தன. அதன் சாயல் இன்னும் போகவில்லை. அங்கே முதல் வருடத்திலேயே ஏறக்குறைய கி.பி. 650இலிருந்து 1350 வரையிலான எழுத்துகளை மூலத்தில் படிக்க வைக்கிறார்கள். பழைய ஆங்கிலம் என்பது இன்றைய ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும் புரியாது. வேற்றுமை உருபுகள், பால் வேறுபாடு எல்லாம் உள்ள வேறொரு மொழியைப் போலத்தான் அதைக் கற்க வேண்டும். தாய்மொழி ஆங்கிலம் இல்லாதவர்கள் இதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயப்படத் தேவையில்லை. அந்த ஒரு பேப்பரில் எல்லோருமே புதுசாகத் தொடங்குகிறார்கள். இன்னொரு மொழியின் இலக்கணத்தை ஏற்கெனவே தெரிந்துவைத்திருப்பவர் அங்கே ஒரு படி முன்னால்தான் இருப்பார்.

கேம்பிரிட்ஜ் வேறு வழியில் போனது. 1917இல் உருவான அதன் ஆங்கிலப் படிப்பில், கொடுக்கப்பட்ட ஒரு பகுதியை வைத்துக்கொண்டு நெருங்கி வாசிப்பதுதான் முக்கியமான பயிற்சி ஆனது. அங்கே விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் தன் மாணவர்களிடம் கவிஞர் பெயரை எடுத்துவிட்டுக் கவிதைகளை மட்டும் கொடுத்துக் கருத்து எழுதச் சொன்னார். அதை வைத்து 1929இல் அவர் ஒரு புத்தகமே எழுதினார். பெயர் மறைந்ததும், நன்றாகப் படித்த மாணவர்கள்கூட நல்ல கவிதையை மோசம் என்றார்கள், மோசமானதைக் கொண்டாடினார்கள், நேரடிப் பொருளையே தவறாகப் புரிந்துகொண்டார்கள். கவிதை வாசிப்பதைத் தனியாகக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இன்றைக்கும் பல துறைகளில் முதல் பருவத்திலேயே இப்படி ஒரு பேப்பர் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் சிலபஸில் அது இருந்தால் நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படிப்பு கொடுக்கும் இன்பத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஹாம்லெட் நாடகத்தை நாம் ஒரே பிரதி என்று நினைத்துக்கொண்டிருப்போம். 1603இல் அச்சானது ஒன்று, 1604-05இல் அச்சானது இன்னொன்று, 1623இல் வந்த பெருந்தொகுப்பில் இருப்பது மூன்றாவது. முதலாவது, இரண்டாவதைவிட மிகவும் சிறியது. 'இருப்பதா, இல்லாமல் போவதா' என்று தொடங்கும், எல்லோருக்கும் தெரிந்த அந்தத் தனிமொழியே 1603இன் பிரதியில் வேறு மாதிரி இருக்கிறது. ஷேக்ஸ்பியர் எழுதியது எது, நடிகர்கள் நினைவிலிருந்து சொன்னது எது, அச்சுக்கோத்தவர் மாற்றியது எது? இந்தக் கேள்வியோடு ஒரு மாலை நூலகத்தில் உட்கார்ந்து மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு, 'மூல நூல்' என்று எதைக் கேட்டாலும் அதற்கப்புறம் ஒரு சந்தேகம் எழும். அந்தச் சந்தேகம் எந்தத் தொழிலுக்குப் போனாலும் உதவும்.

தனிப் பட்டங்களுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. எதை 'ஆங்கில இலக்கியம்' என்று எண்ணுகிறார்கள் என்பது துறைக்குத் துறை மாறும். 1968இல் கென்யாவின் நைரோபியில் இருந்த பல்கலைக்கழகக் கல்லூரியில் கூகி வா தியாங்கோ, டபன் லோ லியோங், ஹென்றி ஓவுவர் அன்யும்பா ஆகிய மூன்று பேர் ஆங்கிலத் துறையையே எடுத்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆப்பிரிக்க இலக்கியம் நடுவில் இருக்கட்டும், மற்ற இலக்கியங்கள் அதிலிருந்து விரியட்டும் என்பது அவர்கள் வாதம். அதிலிருந்து வந்த மாற்றம் உலகம் முழுக்கச் சிலபஸ்களைத் தொட்டது. இருந்தாலும் சில துறைகளில் இன்னும் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்து கட்டாயப் பாடமாகவும், ஆப்பிரிக்கா, கரீபியன், தெற்காசியா ஆகியவை கடைசி வருடத்து விருப்பப் பாடமாகவும் இருக்கின்றன. இன்னும் சில துறைகளில் 1900க்கு முந்தைய எதுவுமே கட்டாயம் இல்லை.

என் சாய்வு எந்தப் பக்கம் என்று கேட்டால், பழையதையும் கட்டாயமாக வைத்து, அதற்குப் பதில் சொன்ன எழுத்துகளையும் அதே அளவு மதிப்போடு வைக்கும் சிலபஸ் பக்கம். 1847இல் வந்த ஜேன் ஏர் நாவலில் மாடியில் அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண் வருவாள். அவள் பேசுவதே இல்லை. கரீபியன் தீவான டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966இல் அவளுக்கு ஒரு முழு நாவல் எழுதினார். இரண்டில் ஒன்றை மட்டும் படித்தவருக்குப் பாதிதான் கிடைக்கும். பழையதைத் தூக்கிப்போட்ட சிலபஸிலும் சரி, புதியதை ஓரத்தில் வைத்த சிலபஸிலும் சரி, இழப்பு மாணவருக்குத்தான்.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களுக்குத் தனிப் பட்டத்தில் உண்மையான சிரமம் வாசிப்பு வேகம். இதை மறைத்துப் பேசிப் பயனில்லை. முதல் வருடம் மற்றவர்கள் ஒரு நாளில் முடிப்பதை முடிக்க உங்களுக்கு இரண்டு நாள் ஆகலாம். ஆனால் மெதுவாகப் படிப்பவர்கள் வாக்கியத்தின் அமைப்பைக் கவனிக்கிறார்கள். வேகமாகப் படித்துப் பழகியவர் தாண்டிப் போகிற இடத்தில் இவர் நின்றுவிடுகிறார். கட்டுரைக்கு வேண்டிய கவனிப்பு பெரும்பாலும் அந்த நின்ற இடத்தில்தான் கிடைக்கும். விடுமுறையில் அடுத்த பருவத்தின் பெரிய நாவல்களை முன்கூட்டியே படித்துவைத்தால் வேகம் ஒரு தடையாக இருக்காது.

இரட்டைப் பாடப் பட்டம்

இரண்டு பாடத்தில் எதையும் விட மனமில்லாதவர்களுக்கு இது கண்ணைக் கவரும். எழுத்தாளர் கசுவோ இஷிகுரோ கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் தத்துவமும் சேர்ந்த பட்டத்தைத்தான் 1978இல் முடித்தார். 2017இல் அவருக்கு இலக்கிய நோபல் கிடைத்தது. ஒருவருக்குச் சரியாக வந்ததால் எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமில்லை. ஆனால் இரட்டைப் பாடம் என்றால் இரண்டிலும் அரைகுறை என்று சொல்பவர்களுக்குப் பதிலாக இதைச் சொல்லலாம்.

கணக்கைப் பார்த்துவிடுவோம். படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் எண்ணுகிறார்கள். இங்கிலாந்து முறையில் வருடத்துக்கு 120 கிரெடிட், மூன்று வருடத்துக்கு 360. இரட்டைப் பாடத்தில் அது ஏறக்குறைய இரண்டாகப் பிரியும். அப்படியென்றால் தனிப் பட்டத்தில் படிக்கும் இலக்கியப் பேப்பர்களில் பாதிதான் உங்களுக்குக் கிடைக்கும். எந்தப் பாதி போகிறது என்பதுதான் விஷயம். பெரும்பாலும் போவது பழைய காலம். இடைக்காலமும் பதினேழாம் நூற்றாண்டும் கைநழுவி, நாவலும் இருபதாம் நூற்றாண்டும் நிற்கும். மேற்படிப்பில் இடைக்கால இலக்கியம் செய்ய நினைப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். மற்றவர்களுக்கு அவ்வளவு பெரிய நஷ்டம் இல்லை.

சேர்க்கும் பாடத்தைப் பொறுத்து அனுபவம் மாறும். வரலாறு சேர்ந்தால் இரண்டு பக்கமும் ஒரே காலத்தைப் படிக்க வாய்ப்புண்டு. பிரெஞ்சுப் புரட்சியை ஒரு துறையிலும் அந்தக் காலத்துக் கவிஞர்களை இன்னொரு துறையிலும் ஒரே பருவத்தில் படிக்க அமைந்தால் அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. தத்துவம் சேர்ந்தால் எழுத்து இறுகும். இலக்கியத் துறையில் அழகாகச் சுற்றிவந்து சொன்ன ஒரு வாக்கியத்தைத் தத்துவத் துறை 'இதன் பொருள் என்ன?' என்று நிறுத்திக் கேட்கும். இன்னொரு மொழி சேர்ந்தால் பல இடங்களில் ஒரு வருடம் அந்த மொழி பேசும் நாட்டில் தங்க வேண்டிவரும். மொத்தம் நான்கு வருடம் ஆகும். ஊடகவியல் போன்ற தொழில் சார்ந்த பாடத்தோடு சேர்ப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்தத் தொழிலின் கருவிகள் சில வருடத்தில் மாறிவிடும். அந்த இடத்தில் ஒரு வரலாற்றுப் பேப்பர் இருந்திருக்கலாமே என்று தோன்றும்.

என் கேள்விக்கு வருவோம். எழுதுவதை யார் படிக்கிறார்கள்? இரட்டைப் பாடத்தில் இரண்டு துறையினர் படிக்கிறார்கள். இரண்டு விதமான திருத்தங்கள் வரும். 'ஆதாரம் எங்கே?' என்று ஒருவர் எழுதுவார், 'இந்தச் சொல்லைக் கவனித்தீர்களா?' என்று மற்றவர் எழுதுவார். நல்ல மாணவர் இதில் நன்றாக வளர்கிறார். ஆனால் உங்களைத் தன் மாணவர் என்று நினைக்கும் ஆசிரியர் ஒருவராவது இருப்பாரா என்பது சந்தேகம். இரண்டு துறையும் உங்களை அடுத்த துறையின் பிள்ளை என்று நினைத்துவிடுவது நிஜமாகவே நடக்கிறது. இரண்டு பக்கத்து ஒப்படைப்புத் தேதிகளும் ஒரே வாரத்தில் விழும். இறுதி ஆய்வுக் கட்டுரையை இரண்டையும் இணைத்து எழுத முடியுமா, அல்லது ஒரு துறையில் மட்டும்தானா என்று சேர்வதற்கு முன்பே விசாரியுங்கள். இணைத்து எழுத விடும் இடம் என்றால் இரட்டைப் பாடத்துக்குத் தாராளமாகப் போகலாம். விடாத இடத்தில் இரண்டு அரைப் பட்டங்களை ஒன்றாக ஒட்டியதுதான் மிஞ்சும்.

மொழியியல் வேறு உலகம்

கதை படிக்கப் பிடிக்கும் என்று ஆங்கில மொழியும் மொழியியலும் பட்டத்தில் சேர்ந்து, முதல் பருவத்தில் ஒலிக்குறியீடுகளையும் வாக்கிய மர வரைபடங்களையும் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. தப்பு படிப்பின் மேல் இல்லை.

மொழியியல் என்ன செய்கிறது என்று புரிய ஒரு ஆய்வைச் சொன்னால் போதும். 1960களில் அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் நியூயார்க்கின் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார். ஒன்று வசதியானவர்கள் போகும் கடை, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவானது. நான்காம் மாடியில் இருக்கும் ஒரு பொருள் எங்கே என்று ஒவ்வொரு ஊழியரிடமும் கேட்டார். 'ஃபோர்த் ஃப்ளோர்' (நான்காம் மாடி) என்று ஆங்கிலத்தில் சொல்லும்போது ர் ஒலியை உச்சரிக்கிறார்களா, விழுங்குகிறார்களா என்பதுதான் அவருக்கு வேண்டியது. காது கேட்காததுபோல் மறுபடியும் கேட்டு, இரண்டாம் முறை கவனமாகச் சொல்லும்போது என்ன ஆகிறது என்றும் குறித்துக்கொண்டார். வசதியான கடையில் அந்த ஒலி அதிகம் கேட்டது, மலிவான கடையில் குறைவு. சமூகப் படிநிலை ஓர் ஒற்றை ஒலியில் தெரிந்துவிட்டது.

இதைப் படித்ததும் உங்களுக்கு உற்சாகம் பொங்கினால், யோசிக்காமல் மொழியியல் எடுங்கள். 'சரி, அந்த ஊழியர் யார், அவர் வீட்டுக்குப் போனதும் என்ன நினைத்திருப்பார்?' என்று மனம் போனால் உங்கள் இடம் இலக்கியம்.

மொழியியலில் நீங்கள் எழுதுவது பெரும்பாலும் தரவு அறிக்கையும் பயிற்சிக் கணக்கும். சரியா தவறா என்பது ஓரளவு தெளிவாகத் தெரியும். அது சிலருக்குப் பெரிய நிம்மதி. 10 கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியச் சொற்றொகுதி போன்றவற்றைக் கணினியில் அலசக் கற்பீர்கள். பேச்சுச் சிகிச்சை, அகராதிப் பணி, மொழி கற்பித்தல், கணினி மொழியியல் என்று அடுத்த படிகளும் கண்ணுக்குத் தெரியும். அதில் பேச்சுச் சிகிச்சைக்குத் தனித் தகுதிப் படிப்பு வேண்டும். வேலைக்கான பாதை முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பவருக்கு இலக்கியத்தைவிட இது பொருந்தும் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. இரண்டும் சேர்ந்த பட்டமும் பல இடங்களில் இருக்கிறது. கவிதையின் ஓசையை ஒலியியல் கொண்டு பார்க்கும் நடையியல் பேப்பர் அதில் இருந்தால், அந்தச் சேர்க்கை மிக நன்றாக அமையும்.

படைப்பெழுத்து, ஒப்பிலக்கியம்

என் அளவுகோலின்படி பார்த்தால் படைப்பெழுத்துதான் முதலில் வர வேண்டும். நீங்கள் எழுதிய கதையை வாராவாரம் ஒரு வட்டமே உட்கார்ந்து படிக்கிறது. வேறு எந்தப் படிப்பில் அப்படி நடக்கும்? இருந்தும் இளங்கலையிலேயே அதை முழுப் பட்டமாக எடுக்க நான் சொல்ல மாட்டேன். அங்கே பெரும்பாலும் படித்துக் கருத்துச் சொல்பவர்கள் உங்கள் வயதுச் சக மாணவர்கள். அவர்களும் இன்னும் அதிகம் படித்திருக்க மாட்டார்கள். எழுத எழுத வாசிப்புக்கான நேரமும் குறையும். இந்தத் துறையில் பேர்போன இரண்டு இடங்களைப் பாருங்கள். அயோவா எழுத்தாளர் பட்டறை 1936இல் தொடங்கியது, ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் படிப்பு 1970இல் தொடங்கியது. இரண்டும் புகழ் பெற்றது முதுகலை அளவில். இஷிகுரோவும் ஈஸ்ட் ஆங்கிலியாவுக்கு இளங்கலை முடித்த பிறகுதான் போனார். அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் 1953இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் பட்டம் பெற்று, 1955இல் கார்னெலில் வர்ஜீனியா வுல்ஃப், ஃபாக்னர் இருவரையும் பற்றி முதுகலை ஆய்வு எழுதி, ஆசிரியராகவும் பதிப்பாசிரியராகவும் வேலை பார்த்தார். முதல் நாவல் 1970இல்தான் வந்தது. இலக்கியப் பட்டத்துக்குள் படைப்பெழுத்தை ஒன்றிரண்டு விருப்பப் பாடமாக எடுக்க முடிந்தால் இந்த வயதுக்கு அது போதும்.

ஒப்பிலக்கியம் பற்றி ஒரே விஷயம்தான் சொல்ல வேண்டும். இரண்டு மொழியில் மூலத்தில் படிக்க முடிந்தால்தான் அதற்கு உயிர். ஜெர்மன் எழுத்தாளர் கதே 1827இல் உலக இலக்கியம் என்று பேசியதிலிருந்து இந்தத் துறை வளர்ந்திருக்கிறது. ஆனால் சில இடங்களில் இளங்கலையில் எல்லாமே ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் நடக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே இன்னொரு மொழியின் இலக்கியம் ஆழமாகத் தெரியும் என்றால், அந்த மொழியை அவர்கள் ஏற்றுக்கொள்வார்களா, அதைத் திருத்த ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் தனி ஆங்கிலமே எடுத்து, ஆய்வுக் கட்டுரையில் ஒப்பீட்டைச் செய்யலாம்.

மூன்று வருடமா, நான்கு வருடமா

எந்தப் பாடம் என்பதோடு எந்த முறை என்பதும் சேர்ந்தே முடிவாகும். இங்கிலாந்தில் பொதுவாக மூன்று வருடம், முதல் நாளிலிருந்தே இலக்கியம். ஸ்காட்லாந்தில் நான்கு வருடம். முதல் இரண்டு வருடம் வேறு பாடங்களையும் சேர்த்துப் படிக்கலாம். அங்கே எடின்பரோவில் ஹியூ பிளேர் 1762லேயே சொல்லணிக் கலைக்கும் இலக்கியத்துக்கும் பேராசிரியராக இருந்தார். அப்போது இங்கிலாந்தில் இப்படி ஒரு துறை எங்கேயும் இல்லை. அமெரிக்காவிலும் நான்கு வருடம். மொத்தம் 120 கிரெடிட் அளவில் இருக்கும். அதில் ஆங்கில மேஜருக்கு, அதாவது முதன்மைப் பாடத்துக்கு, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போகும். இரண்டாம் வருடக் கடைசிக்குள் மேஜரை அறிவித்தால் போதும். அதே 120 என்ற எண்ணைப் பார்த்து இங்கிலாந்தின் கிரெடிட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டும் வேறு அளவு.

பதினேழு பதினெட்டு வயதில் எது வேண்டும் என்று உறுதியாகத் தெரிபவர் மூன்று வருட முறையில் நன்றாக ஆழம் போவார். இலக்கியம் பிடிக்கும், உயிரியலும் பிடிக்கும் என்பவரை அந்த முறை முதல் நாளே ஒரு அறையில் அடைத்துவிடும். அவருக்கு நான்கு வருடமே நல்லது. ஒரு வருடச் செலவு கூடுவதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்குத் தொலைநிலைக் கல்வி உண்டு. அதைக் குறைவாகப் பேசுவது நியாயமில்லை. 1969இல் நிறுவப்பட்டு 1971இல் மாணவர்களைச் சேர்த்த பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், ஒவ்வொரு பாடத்திலும் ஆசிரியர் திருத்திக் குறிப்பெழுதி அனுப்பும் கட்டுரைகள் படிப்பின் முதுகெலும்பாகவே இருக்கின்றன. 200 பேர் உட்காரும் விரிவுரை அறையில் கலந்துகொண்டு, பருவக் கடைசியில் மதிப்பெண் மட்டும் பார்க்கும் நேரடிப் படிப்பைவிட இதில் உங்கள் எழுத்துக்குக் கிடைக்கும் கவனம் அதிகமாக இருக்கலாம். இழப்பது செமினார் என்ற சிறு குழு விவாத வகுப்பில் எதிரில் இருப்பவர் உங்களை மறுத்துப் பேசும் அந்த உயிர்ப்பை. அது பெரிய இழப்புதான். வாசிப்பு வட்டம் ஒன்று வெளியே கிடைத்தால் ஓரளவு ஈடுகட்டலாம்.

வேலை பற்றிய பயம்

வீட்டில் இதைத்தான் முதலில் கேட்பார்கள். பள்ளி ஆசிரியர் வேலைக்கு இந்தப் பட்டத்தோடு கற்பித்தல் தகுதியும் வேண்டும். சட்டத்துக்குப் போக நினைத்தால் அமெரிக்காவில் எந்த இளங்கலையும் போதும். இங்கிலாந்தில் சட்டம் படிக்காதவர்களுக்கு மாற்றுப் படிப்பு ஒன்று இருக்கிறது. பதிப்பகம், பத்திரிகை, நூலகம், விளம்பரம், ஆட்சிப் பணி என்று மற்ற வழிகள் திறந்தே இருந்தாலும், அவற்றில் எதுவும் பட்டத்தின் பெயரைப் பார்த்துத் தானாக வேலை கொடுப்பதில்லை. படிக்கும்போதே மாணவர் இதழில் எழுதியதும், பதிப்பகத்தில் கோடைப் பயிற்சி செய்ததும் அங்கே பேசும். பட்டம் முடிந்த அன்றைக்கே சம்பளம் வர வேண்டிய கட்டாயம் இருப்பவர் மொழியியலையோ, இலக்கியத்தோடு இன்னொரு உறுதியான பாடத்தையோ எடுப்பது புத்திசாலித்தனம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

துறையின் அறிமுக நாளுக்குப் போனாலும் சரி, மின்னஞ்சலில் கேட்டாலும் சரி, மூன்று விஷயங்களைத் துளைத்துக் கேளுங்கள். செமினாரில் எத்தனை பேர் இருப்பார்கள்? பன்னிரண்டு என்றால் நீங்கள் பேசியே ஆக வேண்டும். முப்பது என்றால் பின்வரிசையில் ஒளிந்துகொள்ளலாம், அப்படியே மூன்று வருடமும் போய்விடும். ஒரு பருவத்தில் மதிப்பெண்ணுக்குச் சேராத கட்டுரை எத்தனை எழுத வேண்டும்? பயந்துபோகாமல் புதிதாக எதையாவது முயன்று பார்க்க இடம் கொடுப்பது மதிப்பெண் இல்லாத கட்டுரைதான். ஆக்ஸ்ஃபோர்டின் டியூட்டோரியல் முறையில் வாராந்தரக் கட்டுரைக்கு இருக்கும் பலமும் இதுவே: ஒன்றிரண்டு மாணவர்களை வைத்துக்கொண்டு ஆசிரியர் கட்டுரையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறார், பட்டத்துக்கான மதிப்பெண் வேறிடத்தில் முடிவாகிறது. மூன்றாவது, திருத்திய கட்டுரையோடு ஆசிரியரிடம் நேரில் பேச முடியுமா? கணினியே கட்டுரை எழுதித் தரும் இந்தக் காலத்தில், நீங்கள் எழுதியதைப் பற்றி உங்கள் எதிரிலேயே உட்கார்ந்து கேள்வி கேட்கும் துறை முன்பைவிட மதிப்பானது.

அப்புறம், தேர்ந்தெடுத்தது பொருந்தவில்லை என்றால் என்ன ஆகும் என்பதையும் சேரும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். இரட்டைப் பாடத்திலிருந்து தனிப் பாடத்துக்கு மாறுவது பொதுவாக எளிது. அந்தத் துறையில் நீங்கள் ஏற்கெனவே இருக்கிறீர்கள். தனி இலக்கியத்திலிருந்து மொழியியலுக்கோ தத்துவத்துக்கோ மாற, அந்தத் துறையின் முதல் வருட அடிப்படைப் பேப்பர் கையில் இல்லாவிட்டால் ஒரு வருடம் திரும்பப் படிக்க நேரலாம். அதனால் முதல் வருடத்தில் ஒரு வெளிப்பாடம் எடுக்க அனுமதி இருந்தால், சந்தேகம் உள்ள அந்த இரண்டாவது பாடத்தையே எடுத்துப் பாருங்கள்.

பணமும் இதில் வருகிறது. நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சிபி 1948இல் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் படிக்கத்தான் சேர்ந்தார். ஒரு வருடம் கழித்து ஆங்கிலம், வரலாறு, இறையியல் பக்கம் மாறினார். மாறியதால் உதவித்தொகை போய்விட்டது, கட்டணத்தைச் சொந்தமாகக் கட்ட வேண்டியதாயிற்று. அண்ணன் உதவியதால் படிப்பு தொடர்ந்து, 1953இல் பட்டம் பெற்றார். இன்றைக்கும் பல உதவித்தொகைகள் குறிப்பிட்ட பாடத்துக்கு என்றே வழங்கப்படுகின்றன. துறை மாறினால் தொகை தொடருமா, எந்த வருடம் வரை மாறலாம், விசாவில் ஏதாவது சிக்கல் வருமா என்று தொகை கொடுப்பவரிடமும் பல்கலைக்கழகத்திடமும் தனித்தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவைத்துக்கொண்டு அப்புறம் சேருங்கள்.